நெய்வேலி மண்ணும் ஜீப்பின் மூட்டும்

நெய்வேலியில் பூமிக்குள் புதைந்து கிடந்த பழுப்பு நிலக்கரியை வெளியே கொண்டுவர முனைந்தவர்கள் முதன்முதலில் போராட வேண்டியிருந்தது நிலக்கரியோடு அன்று. அதன் தலைமேல் ஐம்பது அறுபது மீட்டர் கனத்துக்குப் படிந்து இறுகிக் கிடந்த மணற்பாறையோடுதான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஸ்தாபிக்கப்பட்டு, மறு வருஷம் மே மாதம் 20-ஆம் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்த பிறகும், நிலக்கரியின் முகத்தைக் கண்ணால் காண்பதற்கு 1961 ஆகஸ்டு மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை வெட்டி அகற்றுவதிலேயே கழிந்தன. ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட பக்கெட் வீல் யந்திரங்கள் இந்தக் கடலூர் மணற்பாறையைக் கடித்தபோது, அவற்றின் எஃகுப் பற்கள் விரைவாகத் தேய்ந்து மழுங்கிப் போயின. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு அதன் பிறகே யந்திரத்தை ஏவுவது என்ற முறை அங்கே வழக்கத்துக்கு வந்தது அதனால்தான்.

அந்தப் பற்களைத் தின்ற மணலேதான், இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளின் மூட்டுகளைத் தின்று வருகிறது. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். சாதாரண எஃகைக் கீறிவிடும் கடினம் அதற்கு உண்டு. மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் வரையில் வெயில் காலத்தில் காற்றடித்தால் மேலே கிளம்பும் செம்புழுதியில் கலந்து வருவது அந்தக் குவார்ட்ஸின் நுண்துகளே. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து அதற்குள் அது புகுந்து, உள்ளே இருக்கும் கிரீஸோடு கலந்துவிட்டதென்றால், உயவுக்காக வைத்த கிரீஸே உராய்வுக்கு உதவும் சாணைப் பசையாகிவிடுகிறது. பழைய நான்கு சக்கர உந்து வண்டி ஒன்றின் முன்சக்கர மூட்டுகள் எவ்வாறு தேய்கின்றன, அந்தத் தேய்மானத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பின் எவ்வாறு மாற்றுவது என்பதை, வண்டியின் வயிற்றுக்கடியில் படுத்துப் பார்த்தறியாத வாசகர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டில் 1949-ஆம் ஆண்டு மும்பையில் மஹிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக வரவழைத்துக் கோத்து விற்கத் தொடங்கினார்கள். பிறகு வந்தது சி.ஜே.3பி என்ற உயர்ந்த மூக்குடைய மாதிரி. அமெரிக்காவில் 1953-இல் தோன்றி 1968-இல் முடிவுற்ற இந்த வண்டி, இங்கே அதற்குப் பின்னும் பல காலம் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது. அணைக்கட்டு வேலைகளிலும், வனத்துறையிலும், சுரங்கங்களிலும், தார் போடாத பாதை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அதிகாரிகளையும் ஆட்களையும் சாமான்களையும் சுமந்தது ஜீப்தான். சுரங்கத்தின் சரிவுப் பாதையில் மழை பெய்து சேறானால், பின்சக்கரம் மட்டும் உந்தும் வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று கொண்டிருக்கும். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியே மேலேறும்.

ஆனால் முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதில்தான் சிக்கலெல்லாம் அடங்கியிருக்கிறது. பின்சக்கரத்துக்கு ஒரே தொழில். நேராக நின்று சுழன்றால் போதும். முன்சக்கரத்துக்கோ, அச்சிலிருந்து வரும் சக்தியை இடைவிடாமல் வாங்கிக்கொண்டே இடமும் வலமும் வளைந்து கொடுக்க வேண்டிய இரட்டைக் கடமை. இதற்காகவே ஜீப்பின் முன் அச்சின் இரு முனைகளிலும் இரும்பாலான ஒரு பெரிய பொள்ளல் குண்டு வார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சக்தியைக் கடத்தும் மூட்டு அந்தக் குண்டுக்குள்ளே சுழல்கிறது. 1920-களில் ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராயிருந்த ஆல்ஃபிரெட் ஸெப்பா என்பவர் வகுத்த, ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட மூட்டை யுத்த கால ஜீப்புகள் சிலவற்றில் காணலாம். வேறு சிலவற்றில் வேறு வகை மூட்டுகள். பொள்ளல் குண்டுக்கு வெளியே அதைத் தழுவியபடி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் இருக்கிறது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிங் பின்கள் நக்கிளைக் குண்டோடு பிணைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூம்பு உருளை பேரிங் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவது இந்த இரண்டு பின்களின் மேல்தான்.

அமெரிக்க ஜீப்பில் 1972-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து இந்த ஏற்பாடு மாறியது. மூடிய குண்டு போய்த் திறந்த நக்கிள் வந்தது. கிங் பின்னுக்குப் பதிலாக மேலும் கீழும் பால் ஜாயிண்ட்டுகள், அதாவது குண்டு மூட்டுகள், வந்தன. நம் ஊர்ப் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் கிங் பின் வகையைச் சேர்ந்தவையே. எனினும் அவற்றில் பால் ஜாயிண்ட் என்பதே கிடையாது என்று எண்ணிவிடலாகாது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் என்ற தண்டின் இரண்டு முனைகளிலும் குண்டு மூட்டு. நடுவே இருக்கும் பெல் கிராங்க் என்ற நெம்புகோலிலிருந்து இரு சக்கரங்களுக்கும் செல்லும் டை ராடு என்ற இரண்டு தண்டுகளின் நான்கு முனைகளிலும் குண்டு மூட்டு. டை ராட் எண்ட் என்று பட்டறைகளில் சொல்லப்படுவது இதுவே. நம் தொடையெலும்பின் தலை இடுப்பெலும்பின் குழியில் அமர்ந்து எல்லாத் திசையிலும் அசைவதைப் போல, ஒரு தண்டின் தலையிலுள்ள குண்டு ஒரு கிண்ணத்தில் அமர்ந்து அசைகிறது. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும், அதே நேரத்தில் இடம் வலமாகத் திரும்பவும் வேண்டியிருப்பதால், ஒரு திசையில் மட்டும் மடங்கும் கீல் இந்த இடத்துக்கு உதவாது.

புதிய மூட்டில் குண்டும் கிண்ணமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும். உறை கிழிந்து மணல் புகுந்த பின், தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நிகழ்வதில்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நேர்ப்போக்குக்குரிய இடத்தில் குண்டு அதிகமாகத் தேய்ந்து, உருண்டை வடிவம் குலைந்து முட்டை வடிவத்தை நோக்கிப் போகிறது. இதில் மறைந்திருக்கும் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. முற்றிலும் திருப்பிய நிலையில் இறுக்கமாகவே இருக்கிற மூட்டு, நேராக ஓடும்போது, அதாவது வேகமாக ஓடும்போது, தளர்ந்து நிற்கும்.

இந்தத் தளர்ச்சியைப் பட்டறைக்காரர்கள் ஆட்டம் என்கிறார்கள். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மூட்டிலும், பெல் கிராங்கின் தண்டிலும், ஸ்டியரிங் பெட்டியிலும், கிங் பின்னிலுமாக அது கூடிக் கூடி, ஓட்டுபவன் கையிலுள்ள சக்கரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சுற்றாக வந்து சேர்கிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அறுபது, எழுபதில் ஒரு சிறு பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியவுடன் நிகழ்வது முற்றிலும் வேறு. முழு அச்சும் ஒரே துண்டாயிருப்பதால், ஒரு சக்கரம் எழும்பினால் அச்சு சாய்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தின் அச்சைச் சாய்த்தால் அது தானாகவே பக்கவாட்டில் திரும்ப முற்படும் என்பது பௌதிக சாஸ்திர விதி. மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அந்தத் திரும்பல் அங்கேயே அடங்கிவிடும். தளர்ந்திருந்தால், திரும்பிய சக்கரம் எதிர்ப்பக்கம் அடித்துத் திரும்பி, அந்த அடி மறு சக்கரத்தை உதைத்து, இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, வண்டி ஏறக்குறைய நிற்கும் வரையில் முன்பக்கம் முழுவதும் பேயாட்டம் ஆடும். ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும் அந்தச் சில விநாடிகளை அனுபவித்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். விருத்தாசலம் சாலையில் எதிரே லாரி வருகிற தருணத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமாக இன்று பலர் செய்வது, அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது. ஆட்டம் அடங்கிவிட்டதாகத் தோன்றும், சொந்தக்காரருக்கும் திருப்தி. இந்தப் பழக்கத்தை நான் முழு மனத்தோடு கண்டிக்கிறேன். மூட்டு தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்க, அதை அறிவிக்கும் ஒரே அடையாளத்தை மட்டும் மறைத்துவிடுகிறோம். மறைந்த தேய்மானம் நின்றுவிடுவதில்லை. கிண்ணத்தின் உதடு குண்டைப் பிடித்து நிறுத்த முடியாத அளவுக்கு அகன்ற ஒரு நாளில் குண்டு கழன்று வெளியே விழும். அப்போது ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இராது. டாம்பர் கெட்ட பொருளன்று. எல்லா மூட்டும் சரியான பிறகு மாட்டினால் அது துணை. அதற்கு முன் மாட்டினால் வஞ்சனை.

மந்தாரக்குப்பத்துப் பட்டறை ஒன்றில், ஓய்வு பெற்ற சுரங்க ஊழியர் ஒருவர் ஆசையோடு வைத்திருக்கும் அறுபதுகளின் ஜீப் ஒன்றைச் சோதித்ததை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பட்டறைக்காரர் முதலில் எந்த ஸ்பானரையும் தொடவில்லை. ஜாக்கி வைத்து முன் அச்சைத் தூக்கி, முக்காலி கொடுத்து நிறுத்தி, டயரை உச்சியிலும் அடியிலுமாக இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தார். உள்ளே எங்கேயோ மெல்லிய ‘டக், டக்’ என்ற ஓசை கேட்டது.

“தம்பி, உள்ள ஏறி பிரேக்கை நல்லா மிதிச்சுப் புடி.”

“மிதிச்சுட்டேன்ணே.”

மறுபடியும் அசைத்தார், ஓசை அப்படியே இருந்தது. சொந்தக்காரர் பக்கம் திரும்பி, “வீல் பேரிங் நல்லாத்தான் இருக்கு சார். கிங் பின்னுலதான் ஆட்டம்” என்றார்.

இதன் தர்க்கம் எளியது. பிரேக்கை மிதித்தால் சக்கரமும் நக்கிளும் ஒன்றாகக் கவ்விக்கொள்கின்றன. அவற்றுக்கிடையே இருக்கிற வீல் பேரிங்கின் ஆட்டம் அந்த நேரத்துக்கு மறைந்துவிடும். மறைந்தால் குற்றம் பேரிங்குடையது. மறையாவிட்டால் குற்றம் அதற்கும் உள்ளே, கிங் பின்னில். அதன் பின் டயரை இடப்புறமும் வலப்புறமுமாகப் பிடித்து அசைத்துக்கொண்டே, பையனை டை ராட் முனைகள் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரல் நுனிக்குத் தெரிந்துவிடுகிறது. பெல் கிராங்க் அருகே இருந்த இரண்டு முனைகளும் தளர்ந்திருந்தன. சக்கரத்தருகே இருந்தவை நன்றாயிருந்தன. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவதைவிட, ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று இவ்விதம் ஒவ்வொன்றாகத் தேடி நிர்ணயிப்பதற்கே அதிக நேரம் செலவாயிற்று, அது நியாயமும்கூட. காரணத்தை அறியாமல் புதுச் சாமான் போடுகிறவருக்கு, அந்தச் சாமான் போட்ட பிறகும் வண்டி ஏன் ஆடுகிறது என்பது விளங்குவதில்லை.

டை ராட் எண்டைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதன் தண்டு கூம்பாகக் கடைந்தது. அது பூட்டப்படும் கையான ஆர்மிலுள்ள கூம்புத் துளையில் இறங்கி இறுகி உட்கார்ந்திருப்பது. நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தினாலும் அது வராது. அவசரக்காரர்கள் தண்டின் நுனியையே சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். தேர்ந்தவர் நட்டை முழுதும் எடுக்காமல் சில மரையில் நிறுத்திவைத்து, ஆர்மின் காதை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு சுத்தியலால் ஒரே க்ஷணத்தில் அடிக்கிறார். துளை ஒரு கணம் அதிர்ந்து வடிவம் மாற, கூம்பு தானாகவே துள்ளி வெளிவருகிறது. இடையில் ஆப்பு போன்ற கவை இரும்பைச் செருகி அடிப்பதும் உண்டு; ஆனால் அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும் ஆகையால், நல்ல மூட்டைக் கழற்றி மறுபடி பூட்டும்போது அதை உபயோகிக்கலாகாது. பழைய எண்டைக் குழாயிலிருந்து திருகி எடுக்கையில் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் சக்கரங்களின் நேர்நிலை ஓரளவு காப்பாற்றப்படும். நட்டை இறுக்கும்போது காட்டர் பின்னின் துளை சரியாக எதிர்ப்படாவிட்டால் இன்னும் சற்று இறுக்கியே நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்குவது தவறு.

கிங் பின் வேலை இதைவிடப் பொறுமையைக் கோருவது. சக்கரத்தையும் பிரேக் தட்டையும் கழற்றி, மேல் கீழ் மூடிகளைத் திறந்தபோது, பழைய பேரிங்கின் வெளி வளையத்தில் உருளைகள் ஒரே இடத்தில் அடித்து அடித்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்ததைப் பட்டறைக்காரர் காட்டினார். விரல் நகத்தை ஓட்டினால் வரி தட்டிற்று. இப்படி வரி விழுந்த பேரிங்கில் எத்தனை கிரீஸ் வைத்தும் பிரயோஜனமில்லை. ஸ்டியரிங் அந்தப் பள்ளங்களில் இடறி இடறித்தான் திரும்பும். புதிய பேரிங்குகளை அமர்த்திய பிறகு, மூடிகளின் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை வைத்து இறுக்கத்தை அளந்து கொடுக்க வேண்டும். மிக மெல்லியது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு கனமுடையது. கனத்தது முப்பது பங்கு. தகடு மிகுந்தால் ஆட்டம். குறைந்தால் பேரிங் நெரிந்து ஸ்டியரிங் கல்லாகிவிடும். உள்ளே சக்தி கடத்தும் தண்டு குண்டின் நட்டநடுவில் நிற்க வேண்டியிருப்பதால், மேலும் கீழும் தகட்டின் கனம் சமமாகப் பகிரப்பட வேண்டும். நக்கிளின் ஆர்மில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, நகரத் தொடங்கும் எடையைப் பார்த்து, ஒரு தகட்டை எடுத்து, மறுபடி பூட்டி, மறுபடி இழுத்து என்று மத்தியானம் முழுவதும் அந்த ஒரு பக்கத்துக்கே ஆயிற்று. அவர் முகத்தில் சலிப்பின் சாயலே இல்லை.

திறந்த நக்கிளும் பால் ஜாயிண்ட்டும் உடைய பிற்கால வண்டிகளில் முறை வேறு. அங்கே குண்டின் கூடு நக்கிளுக்குள் அழுத்தி இறக்கப்பட்டிருப்பதால், திருகு அழுத்தி கொண்டு பழையதை வெளித்தள்ளிப் புதியதை உட்செலுத்த வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் கூடு கோணிவிடும். வண்டியின் பாரத்தைப் பிரதானமாகத் தாங்குவது கீழ் மூட்டு என்பதால், அதன் நட்டை முதலில் இறுக்கி, அதன் பிறகே மேலதைத் தொட வேண்டும்.

எவ்வகை வண்டியாயினும் மூட்டு மாற்றிய பின் முன்சக்கரங்களின் போக்கை அளக்காமல் வெளியே எடுக்கக் கூடாது. பழைய ஜீப்புக்கு இரண்டு முன்சக்கரங்களும் முன்புறத்தில் சற்றே நெருங்கியிருக்க வேண்டும். நெருக்கம் ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டருக்குள். கணினி வைத்த அலைன்மென்ட் நிலையம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, கீழே இறக்கி, இரு கோடுகளுக்கும் இடையே முன்புறத்திலும் பின்புறத்திலும் நாடா பிடித்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மந்தாரக்குப்பத்திலும் அப்படித்தான் அளந்தார்கள்.

இந்த அறிவைப் பற்றி நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், அதைக் கற்றுக்கொள்ள இடமளித்த வண்டிகளே அருகி வருவதுதான். அரசுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சொந்தமான, 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவு 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரத்தாகும் என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது. ஆகவே பழைய ஜீப் இனிமேல் தனி மனிதர்களின் கொட்டகைகளில்தான் ஜீவித்திருக்க முடியும். அவர்களுக்கு 2021-இல் வந்த வேறொரு விதி ஆதரவாக இருக்கிறது: முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் எஞ்சினும் மேற்கூடும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை, வி.ஏ. என்ற எழுத்துகளோடு கூடிய தனி எண்ணில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகிய காரியங்களுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம், வியாபாரத்துக்கு ஓட்டலாகாது. விதியில் இல்லாத ஒன்றைச் சொந்தக்காரர்கள் தாங்களே விதித்துக்கொள்வது நலம்: பேரணிக்குப் புறப்படுமுன் பெயின்ட்டுக்குச் செய்கிற செலவில் பத்தில் ஒரு பங்கையாவது மூட்டுகளுக்குச் செய்வது. பளபளக்கும் பானெட்டுக்குக் கீழே முட்டை வடிவமான குண்டுகளோடு நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், மனம் பதறுகிறது.

எப்போதாவது ஓடும் வண்டிக்குத் தனிக் கவனம் தேவை. நின்றே இருப்பதால் ரப்பர் உறைகள் காய்ந்து வெடிக்கின்றன. கிரீஸ் அடியில் இறங்கி, குண்டின் மேற்பகுதி வறண்டு துருப்பிடிக்கிறது. மாதம் ஒரு முறையாவது முன் அச்சைத் தூக்கி, ஸ்டியரிங்கை இரு கோடி வரையிலும் சில தடவை திருப்பிவிட வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள எண்டுகளையே கேட்டு வாங்குவது நல்லது. நிப்பிளைத் துடைத்துவிட்டு, உறையின் ஓரத்தில் பழைய கிரீஸ் பிதுங்கி வரும் வரையில் கிரீஸ் கன்னால் அடித்தால், உள்ளே புகுந்த மணலும் அதோடு வெளியேறுகிறது. புது மூட்டு போட்ட வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி தூக்கி, நட்டுகளையும் காட்டர் பின்களையும் பார்க்க வேண்டும். நக்கிள் குண்டின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய் வழிந்திருந்தால், அச்சின் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் எண்ணெய் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நக்கிளின் நிரப்பு பிளக்கைத் திறந்து, உள்ளேயிருப்பதைக் கொஞ்சம் விரலில் எடுத்துப் பார்க்க வேண்டும். பால் நிறம் கலந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதை அப்படியே விட்டு மேலே புது கிரீஸை அடைக்காமல், குண்டைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஃபெல்ட் சீலையும் மாற்றிய பிறகே நிரப்ப வேண்டும்.